முகமூடிக்குள் ராக்கு

ராக்கு தன் ஆயுளில் பார்த்தது ஒரே ஒரு சினிமா. அந்தப் படத்தில் கறுப்பு முகமூடி கட்டி, முதுகில் துணி பறக்கப் பனிமலை மேல் ஏறி ஓடிய மாவீரன் அவள்தான். இதைச் சாயல்குடியில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வாலிநோக்கத்து உப்பளத்தில் கூடை சுமந்தவர்கள் சொன்னால் நம்பித்தான் ஆக வேண்டும். அவர்கள் எல்லோரும் அன்றைக்கு அங்கேதான் நின்றார்கள்.

ராக்கு கடலாடிப் பக்கம் ஒரு வானம்பார்த்த கிராமத்தில் பிறந்தவள். 1949இல் செல்லச்சாமிக்கு வாழ்க்கைப்பட்டு வாலிநோக்கம் வந்தபோது வயது பதினெட்டு. செல்லச்சாமி உப்பளத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன். வந்த மூன்றாம் மாதமே ராக்குவும் கூடை எடுத்துவிட்டாள். ஆண்கள் பாத்தியில் வாரி ஒதுக்கிய உப்பைப் பெண்கள் கூடையில் அள்ளி, தலையில் சும்மாடு வைத்துச் சுமந்து, மேட்டிலிருக்கும் அம்பாரத்தில் ஏறிக் கொட்ட வேண்டும். உப்புக் குவியலைத்தான் அம்பாரம் என்பார்கள். அதில் ஏறுவது மணல்மேட்டில் ஏறுவது போல அல்ல. ஓர் அடி வைத்தால் அரை அடி சறுக்கும். கல் உப்பு உள்ளங்காலை அறுக்கும். அறுத்த இடத்தில் உப்பே போய் உட்காரும். ராக்கு நடந்து ஏறமாட்டாள், ஓடித்தான் ஏறுவாள்.

"நின்னாத்தான சறுக்கும்? ஒரு கால் பதியுறதுக்குள்ள அடுத்த காலை எடுத்திரணும்" என்பாள்.

அந்த ஓட்டத்தை அவளிடமிருந்து பிடித்துக்கொண்டவள் ஒருத்திதான். அதே தெருவில் இருந்த நாகலெட்சுமி. பாண்டியம்மாளுக்கு ஒரே மகள். பாண்டியம்மாள் செல்லச்சாமிக்குச் சின்னம்மா முறை. புருஷனைக் கடலில் பறிகொடுத்தவள். ராக்கு அவளை அத்தை என்பாள், நாகலெட்சுமி ராக்குவை மதினி என்பாள். மதினியும் நாத்தியும் கூடையோடு முன்னும் பின்னுமாக ஓடி ஏறுவதைப் பார்த்து, கங்காணி சீனி முகம்மது "ஏம்மா, ரயிலு வண்டி கணக்கா போறீகளே, விழுந்து கெடந்தா யாரு தூக்குறது?" என்று சத்தம் போடுவார். நாகலெட்சுமிக்குச் சிக்கல் என்ற ஊரில் மாப்பிள்ளை பார்த்து, ஆவணியில் முகூர்த்தம் குறித்திருந்தார்கள்.

அந்த வருஷம் 1956. சித்திரை கடைசியில் மதராஸிலிருந்து இரண்டு லாரியும் ஒரு வேனும் வந்து உப்பளத்துப் பாதையில் நின்றன. சினிமாக்காரர்கள். இமயமலையில் தவமிருந்து, அடிபட்டாலும் நோகாத உடம்பும், காற்றை விட வேகமான காலும் வரமாக வாங்கிய ஒரு வீரனின் கதையாம். யாருக்கு ஆபத்து என்றாலும் முகமூடி கட்டிக்கொண்டு வந்து காப்பாற்றிவிட்டு மறைந்துவிடுவானாம். அதற்குப் பனிமலை வேண்டும். வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் உப்பு அம்பாரத்தைப் பார்த்துவிட்டு, தொப்பி போட்ட டைரக்டர் "இதுதான் நம்ம இமயமலை" என்று கைதட்டினார்.

ஆனால் இருந்த அம்பாரம் அவருக்குப் போதவில்லை. உப்பளத்து முதலாளியிடம் பேசி, ஆறு அம்பாரத்தை ஒன்றாகச் சேர்த்துக் கொட்டச் சொன்னார். நான்கு நாள் எல்லோரும் சுமந்தார்கள். ஐந்து ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளை மலை எழும்பியது. அப்படி ஒன்றை அந்தக் கரையில் யாரும் பார்த்ததில்லை. அதன் அடியில் குகை வாசல் மாதிரி ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் தோண்டச் சொன்னார்கள்.

சீனி முகம்மதுவுக்கு அது பிடிக்கவில்லை. "சார், அடியத் தோண்டுனா தலை கீழ வந்துரும். நாங்க எப்பவும் மேல இருந்துதான் அள்ளுவோம்."

"ரெண்டு நாள் வேலை பாய். முடிஞ்சதும் மூடிடலாம்" என்றார் டைரக்டர்.

கதாநாயகராக வந்த நடிகர் நல்ல மனிதர்தான். பெண்களைப் பார்த்தால் கும்பிடுவார். அவரால் அந்த மலையில் நாலடிக்கு மேல் ஏற முடியவில்லை. செருப்போடு ஏறினால் சறுக்கியது. வெறுங்காலோடு ஏறினால் ரத்தம் வந்தது. அவருக்குப் பதிலாக விழுந்து புரளவென்று மதராஸிலிருந்து கூட்டி வந்திருந்த ஆள் பாதி மலையில் கணுக்காலை மடக்கிக்கொண்டு உருண்டான். உப்பளத்து ஆண்கள் மூன்று பேரை ஏறவிட்டுப் பார்த்தார்கள். ஏறினார்கள், ஓடத் தெரியவில்லை. தோளில் கதாநாயகியைச் சுமந்துகொண்டு ஓட வேண்டுமாம். அதற்காக வைக்கோல் அடைத்துச் சேலை கட்டிய ஒரு பொம்மை வைத்திருந்தார்கள்.

இவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போதே, பக்கத்து அம்பாரத்தில் ராக்கு நிறைகூடையோடு ஓடி ஏறிக் கொட்டிவிட்டு இறங்கினாள். டைரக்டர் வாயைத் திறந்தவர் மூடவில்லை.

"அந்த ஆளைக் கூப்பிடுங்க."

"ஆளில்ல சார், பொம்பளை" என்றார் சீனி முகம்மது.

"முகமூடி போட்டா யாருக்குத் தெரியப் போவுது?"

 கால்சட்டை போடச் சொல்கிறார்கள் என்றதும் ராக்கு வீட்டுக்கே ஓடப் பார்த்தாள். செல்லச்சாமி தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "மூஞ்சி தெரியாதுல்ல சார்?" என்று மூன்று தடவை கேட்டான். பிறகு அவனே, "போட்டுத்தான் பாரேன், புள்ள" என்றான்.

ஓலைத் தடுப்புக்குள் நாகலெட்சுமிதான் அவளுக்கு உடுத்திவிட்டாள். நெஞ்சில் துணியை இறுக்கிச் சுற்றி, கறுப்புச் சட்டை மாட்டி, கொண்டையை அமுக்கி, முகமூடியை முடிச்சுப் போட்டுவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒப்பனைக்காரர் ஆள் உயரக் கண்ணாடியைத் திருப்பிக் காட்டினார். ராக்கு பின்னால் யாரோ ஆம்பளை வந்து நிற்கிறான் என்று பதறித் திரும்பினாள். யாருமில்லை. மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். அந்த ஆள் அவளைப் போலவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

முதல் ஓட்டத்திலேயே உச்சிக்குப் போய்விட்டாள். முதுகுத் துணி கடல்காற்றில் படபடவென்று அடித்தது. கீழே எல்லோரும் கை தட்டினார்கள். நடிகர் எழுந்து நின்று தட்டினார். ராக்குவுக்கு அதுவரை யாரும் எதற்கும் கை தட்டியதில்லை.

டைரக்டர் திருப்தி இல்லாமல் இன்னொரு தடவை என்றார். பனிப்புயல் வேண்டும் என்றார். பெரிய காற்றாடி ஒன்றை ஓடவிட்டு, அதற்கு முன்னால் சுளகில் தூள் உப்பை அள்ளி வீச ஓர் ஆள் கேட்டார். நாகலெட்சுமி போய் நின்றாள். குகை வாசலுக்கு இரண்டு எட்டுத் தள்ளி, மலையின் அடியில்.

இரண்டாவது ஓட்டத்தில் உச்சிக்குக் கொஞ்சம் கீழே, ராக்குவின் காலுக்கடியில் நெறுநெறுவென்று ஒரு சத்தம் கேட்டது. ஏழு வருஷம் உப்பில் நடந்த கால் அது. மேல்பரப்பு கெட்டியாகி உள்ளே உப்பு விட்டுப் பொந்தாகிப்போனால்தான் அந்தச் சத்தம் வரும் என்று அவளுக்குத் தெரியும். இறங்கி வந்தாள். சொல்லலாம் என்று வாயெடுத்தாள். அதற்குள் "பிரமாதம்! இதே மாதிரி இன்னும் ஒரே ஒரு தடவை!" என்று டைரக்டர் தோளில் தட்டினார். மறுபடியும் எல்லோரும் கை தட்டினார்கள். அவள் சொல்லவில்லை. பொம்மையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மூன்றாவது தடவை ஓடினாள்.

உச்சியில் கால் வைத்ததும் மலை உட்கார்ந்தது. சத்தமே பெரிதாக இல்லை. நெல் மூட்டையை அவிழ்த்துக் கொட்டினாற்போல ஒரு 'சொர்ர்' மட்டும்தான். ராக்கு உப்போடு உப்பாகச் சறுக்கிக் கீழே வந்து விழுந்தாள். எழுந்து பார்த்தால் குகை வாசல் இல்லை. காற்றாடி பாதி புதைந்து உறுமிக்கொண்டிருந்தது. நாகலெட்சுமி நின்ற இடத்தில் உப்பு இருந்தது.

"மதினி" என்று ஒரு குரல் கேட்டது என்று ராக்கு கடைசிவரை சொல்லிவந்தாள். கேட்டிருக்க முடியாது என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

பொம்மையை வீசிவிட்டுக் கையால் தோண்டினாள். நகம் பிய்ந்தது. முத்தழகு என்ற இன்னொரு கூடைக்காரி ஓடிவந்தாள். மேலிருந்து மறுபடி உப்பு சரிய, ஆண்கள் முத்தழகைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். சீனி முகம்மது மண்வெட்டிக்கு ஓடினார். அதற்குள் ராக்குவின் கையில் ஒரு ஜடை அகப்பட்டது. பிறகு தோள். இடுப்பளவு உப்புக்குள் நின்று, நாகலெட்சுமியை இரு கையிலும் ஏந்திக்கொண்டு வெளியே வந்தாள். வாய் நிறைய, மூக்கு நிறைய உப்பு. ஓலை நிழல் வலது பக்கம் இருந்தது. அந்தப் பக்கம் போகத்தான் காலெடுத்தாள்.

"இந்தப் பக்கம் திரும்பு! முகத்தை இந்தப் பக்கம் காட்டு!" என்று டைரக்டர் கத்தினார்.

ராக்கு திரும்பினாள்.

கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. எத்தனை நொடி அப்படி நின்றாள் என்று தெரியாது. நடிகர் தன் முகமூடியைப் பிய்த்தெறிந்துவிட்டு, "நிறுத்துய்யா! நிஜமாவே புதைஞ்சிருச்சு!" என்று கத்திக்கொண்டு வெறுங்காலோடு உப்பில் ஓடிவந்த பிறகுதான் அவளுக்கு உணர்வு வந்தது. நிழலில் கிடத்தி வாயைத் தோண்டி, முதுகில் தட்டி, தண்ணீர் தெளித்து எல்லாம் பார்த்தார்கள். சாயல்குடியிலிருந்து வைத்தியரைக் கூட்டிவந்தபோது, எடுக்கும்போதே மூச்சு போயிருக்கும் என்றார்.

பாண்டியம்மாள் பனங்காட்டில் ஓலை பொறுக்கிக்கொண்டிருந்தவள் ஓடிவந்தாள். மகளைச் சுற்றி நின்ற கூட்டத்தில் கறுப்பு முகமூடி போட்ட ஓர் ஆள் தரையில் முட்டிமுட்டி அழுவதைப் பார்த்து, யார் இது என்று புரியாமல் அப்படியே நின்றுவிட்டாள்.

சினிமாக்காரர்கள் மறுநாள் கிளம்பிவிட்டார்கள். நடிகர் மட்டும் பாண்டியம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டுப் போனார். விசாரணைக்கு வந்தவர்கள் உப்பு சரிந்து விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். அந்த மலையை ஆட்கள் பயந்து பயந்து மேலிருந்து அள்ளி மட்டமாக்கினார்கள். காலுக்கடியில் கேட்ட சத்தத்தையும், திரும்பி நின்றதையும் ராக்கு யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அம்பாரத்தில் அவள் ஓடவும் இல்லை; மற்றவர்களைப் போல ஊன்றி ஊன்றி ஏறினாள்.

1958 தையில் அந்தப் படம் சாயல்குடி டூரிங் கொட்டகைக்கு வந்தது. நாடெல்லாம் ஓடி முடிந்து தேய்ந்த பிரதி. உப்பளத்து ஆட்கள் இரண்டு மாட்டு வண்டி கட்டினார்கள். ராக்கு வரமாட்டேன் என்றாள். "நம்ம ஊரு மலையைப் பாக்க வேணாமா? வா புள்ள, எல்லாரும் போறோம்" என்று செல்லச்சாமி வற்புறுத்தினான். அவனுக்கு மனைவியைப் படத்தில் பார்க்க உள்ளூர ஆசை.

கொட்டகையில் பெண்கள் பக்கம் மணலில் உட்கார்ந்தார்கள். பாதிப் படத்துக்கு மேல் அந்த மலை வந்தது. ராக்கு நம்பவில்லை. அது உப்பே இல்லை, நிஜமான பனிமலை. அதில் ஒரு கறுப்பு உருவம் முதுகுத் துணி பறக்க ஓடி ஏறியது. கொட்டகை விசிலில் கிழிந்தது.

"ஏ, ராக்குடீ!" என்று முத்தழகு அவள் தொடையில் அடித்தாள். "அந்தக் காலை வைக்கிற வைப்பப் பாரு!"

பின்னால் உட்கார்ந்திருந்த சாயல்குடிக்காரி ஒருத்தி, "எந்த ராக்கு? அது நடிகருல்ல?" என்று முறைத்தாள். வாலிநோக்கத்துப் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். ராக்குவுக்கே உதட்டோரம் சிரிப்பு வந்தது.

பிறகு திரையில் மலை உட்கார்ந்தது.

ராக்கு முதலில் அது என்ன என்று விளங்காமல் பார்த்தாள். அந்த உருவம் சரிந்து விழுந்தது, எழுந்தது, பொம்மையை வீசியது, தோண்ட ஆரம்பித்தது. மேளமும் ஊதுகுழலுமாகச் சங்கீதம் ஏறியது. அவளுடைய கைகள் ஒரு ஆள் உயரத்துக்குத் திரையில் தோண்டின. பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. முத்தழகு ராக்குவின் தோளைப் பிடித்திருந்த பிடி வலித்தது. ஆண்கள் பக்கம் "அடி! தோண்டு! விடாத!" என்று கூச்சல். ஜடை வந்தது. தோள் வந்தது. முகமூடி வீரன் ஒரு பெண்ணை இரு கையிலும் ஏந்திக்கொண்டு வெளியே வந்தான், வலது பக்கம் ஓர் அடி வைத்தான், நின்றான், கம்பீரமாகக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான்.

கொட்டகை முழுக்க எழுந்து நின்று கை தட்டியது. காசை விட்டெறிந்தார்கள்.

அடுத்ததாக நடிகையின் முகம் பெரிதாக வந்தது. இமையில் இரண்டு மூன்று வெள்ளைத் துகள். கறுப்பு வெள்ளைப் படத்தில் எந்தச் சேலையும் ஒரே சேலைதான். அவள் மெல்லக் கண்ணைத் திறந்தாள், சிரித்தாள். உடனே பாட்டு ஆரம்பித்தது.

"ஏலே! நிப்பாட்டுங்கலே!" ஆண்கள் பக்கமிருந்து செல்லச்சாமியின் குரல் கேட்டது. அவன் எழுந்து நின்றிருந்தான். அவன் தலையின் நிழல் திரையில் ஆடும் நடிகையின் மேல் விழுந்தது. "அது செத்த புள்ளைடா! எங்க புள்ளை செத்துப்போச்சுடா அங்கன!"

"உக்காருய்யா, மறைக்குது!" என்று பத்துக் குரல் கேட்டது.

 வண்டியில் திரும்பி வரும்போது முத்தழகு வழியில் இறங்கி வாந்தி எடுத்தாள். ராக்கு தன் இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலையில் பாண்டியம்மாள் ராக்குவின் வாசலில் வந்து நின்றாள். செய்தி எட்டிவிட்டது. அத்தை மண்ணை வாரித் தூற்றப் போகிறாள் என்று நினைத்து, ராக்கு அதற்குத் தயாராகக் கையைக் கட்டிக்கொண்டு எதிரில் போய் நின்றாள்.

"படத்துல என் மக வாராளாமே?"

"அத்தை..."

"என்னையக் கூட்டிட்டுப் போ. நான் தனியாப் போனா எந்த இடத்துல வாரான்னு தெரியாது."

"வேணாம் அத்தை. பாக்குற மாதிரி இல்ல அது. நான் வரமாட்டேன்."

"நீ வராம? நீதான அவளைத் தூக்குறவ?"

அன்று சாயங்கால ஆட்டத்துக்கு இருவரும் நடந்தே போனார்கள். பாண்டியம்மாள் படம் முழுக்க அசையாமல் இருந்தாள். மலை வந்தபோது ராக்கு தலையைக் குனிந்துகொண்டாள். விசில் அடங்கிப் பாட்டு ஆரம்பித்த பிறகு, "வா போவோம்" என்று பாண்டியம்மாள் எழுந்துவிட்டாள். வெளியே வந்து பனைமரத்தடியில் நின்றாள்.

"கண்ணு முழிக்கிறவ வேற எவளோ" என்றாள். "எனக்குத் தெரியும். ஆனா தூக்குறது என் மகளைத்தான். அவ கை அப்படித்தான் தொங்கும், தூங்குறப்பவும்."

பாண்டியம்மாள் ராக்குவின் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணு கேக்குறேன். நெசத்தச் சொல்லு. அவளைத் தூக்கிட்டு நெழலுக்குப் போகத்தான காலெடுத்து வச்ச? பெறகு ஏன் இங்கிட்டுத் திரும்புன?"

ஊர் ஊராக ஆயிரம் பேர் பார்த்து, ஆயிரம் பேரும் கைதட்டிய இடம் அது. அந்த இடத்தில் அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்று கண்டுபிடித்தவள் இவள் ஒருத்திதான்.  ராக்கு மணலில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். டைரக்டர் கத்தியதை, தான் திரும்பியதை, அதற்கும் முன்னால் காலுக்கடியில் கேட்ட சத்தத்தை, கை தட்டினார்கள் என்பதற்காக அதை விழுங்கியதை.

"கேட்டுச்சா உனக்கு?" என்று பாண்டியம்மாள் ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"கேட்டுச்சு அத்தை."

பாண்டியம்மாள் திரும்பி நடந்தாள். பதினைந்து கிலோமீட்டர் தூரம், ராக்கு இருபது அடி பின்னால் வந்தாள். முன்னால் போனவள் ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு தெருவில் எதிர்ப்பட்டாலும் பாண்டியம்மாள் பேசமாட்டாள். ஆனால் கொட்டகையில் அந்தப் படம் ஓடிய மட்டும், போகிற உப்பு லாரியில் ஏறியாவது, தினமும் போனாள். அந்த ஒரு இடம் முடிந்ததும் எழுந்துவிடுவாள். இரண்டு நாள் கவனித்த படம் ஓட்டுகிற அப்துல் ஹமீது, மூன்றாம் நாள் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். படப்பெட்டி ஊரைவிட்டுப் போகிற அன்று, அந்த இடத்திலிருந்து ஐந்தாறு கட்டம் கத்தரித்து, காகிதத்தில் சுற்றி அவள் கையில் கொடுத்தார். "யாருட்டயும் காட்டாதீங்கம்மா, என் வேலை போயிரும்" என்றார். நாகலெட்சுமியை உயிரோடிருந்தபோது யாரும் போட்டோ எடுத்ததில்லை.

பாண்டியம்மாளுக்கு அந்த இரண்டு விரல் அகலப் படச்சுருளில் ஒன்றும் தெரியவில்லை; கிட்டத்துப் பார்வை மங்கல். வேறு யாரிடம் காட்டுவது? ஒரு மாதம் முந்தானையில் முடிந்துவைத்திருந்துவிட்டு, ஒரு பகலில் உப்பளத்துக்கே வந்து ராக்குவிடம் நீட்டினாள்.

"இதுல அவ மூஞ்சி தெரியுதா, பாத்துச் சொல்லு."

ராக்கு வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். கறுப்பு முகமூடி. அதன் இரண்டு கைக்கும் நடுவில், நகக்கண் அளவில், நேராக இவளைப் பார்த்துத் திரும்பியிருந்த நாகலெட்சுமியின் முகம். தூங்குவது போலத்தான் இருந்தது. 

"தெரியுது அத்தை. நல்லாத் தெரியுது."

பாண்டியம்மாள் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். "நீ இங்கிட்டுத் திரும்புனதாலதான் இது கெடச்சிருக்கு" என்றாள். "அதுக்காவ உன்னைய மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத." சொல்லிவிட்டு, "ராமநாதபுரத்துல போட்டோக்கடை எங்கன இருக்குன்னு செல்லச்சாமிக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

மூன்று பேருமாகத்தான் போனார்கள். கடைக்காரர் கண்ணாடியை வைத்து உற்றுப் பார்த்துவிட்டு, பெரிதாக்கித் தருகிறேன் என்றார். "இந்தப் பொண்ணு முகத்தை மட்டும் எடுத்துக்கவா? முகமூடி போட்ட ஆளை வெட்டிரலாம்ல?"

"வெட்டாதீக. அது ஆளில்ல, எங்க ராக்கு" என்றாள் பாண்டியம்மாள்.

கடைக்காரர் படத்தைப் பார்த்தார். எதிரில் முக்காடு போட்டுத் தலைகுனிந்து நின்ற பெண்ணைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். ரசீது எழுத ஆரம்பித்தார்.

ராக்குவின் வாழ்க்கையில் சொல்வதற்கு இன்னும் ஒன்று உண்டு. அது 1961இல் நடந்தது. லாரிகள் கூடிப்போன வருஷம். சுமை ஏற்றுகிறவர்கள் மேலிருந்து அள்ளி இறக்க நேரமாகிறது என்று அம்பாரத்தின் அடியிலேயே மண்வெட்டியால் குடைய ஆரம்பித்தார்கள். குடைந்தவர்களில் செல்லச்சாமியும் ஒருவன். சீனி முகம்மது கத்திப் பார்த்தார். புது முதலாளி, அள்ளினால் சரி என்று சொல்லிவிட்டார். கூடையோடு வந்த ராக்கு அந்தப் பொந்தைப் பார்த்தாள். கூடையைக் கீழே வைத்தாள். குனிந்து உள்ளே போய், முதுகை உப்பில் சாய்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

 "ஏ புள்ள! வெளிய வா! வாரியா இல்லையா?" என்று செல்லச்சாமி அலறினான். கிட்டே போகவும் பயம். காலடி அதிர்ந்தால் போதும்.

"இனிமே அடியில கை வைக்கமாட்டோம்னு எல்லாரும் சொல்லுங்க. மொதலாளியும் வந்து சொல்லட்டும். பெறகு வாரேன்" என்றாள். குரல் உயர்த்தவில்லை.

முதலாளியின் கார் வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவரை அந்த மேட்டில் எல்லோரும் அசையாமல் நின்றார்கள். ராக்குவின் தலையில் அவ்வப்போது ஒரு பிடி உப்பு பொலபொலவென்று உதிர்ந்தது. அவள் தட்டிவிடக்கூட இல்லை. காரை விட்டிறங்கிய முதலாளி, உள்ளே உட்கார்ந்திருப்பது ஒரு பெண் என்று தெரிந்ததும் வாசலிலேயே நின்று, "சரிம்மா, சரிம்மா, நீ சொன்னபடியே" என்று கையெடுத்துக் கும்பிட்டார். ராக்கு ஊர்ந்து வெளியே வந்தாள். நான்கு பேர் நீளக் கம்பால் அம்பாரத்தின் உச்சியைத் தள்ளிவிட்டார்கள். ஒரே தள்ளுதான். பொந்து இருந்த இடம் மூடிக்கொண்டது.

யாரும் கை தட்டவில்லை. செல்லச்சாமி தரையில் உட்கார்ந்திருந்தான். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்திலிருந்து பாண்டியம்மாள் முன்னால் வந்து, ராக்குவின் தலையில் இருந்த உப்பைத் தன் முந்தானையால் தட்டிவிட்டாள். தட்டிவிட்டு, அவள் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விட்டாள். அதன் பிறகுதான் அழுதாள்.